நகரத்து விலங்குகளை இடம்பெயர்த்தல்: முடிவெடுக்கும் முறை
தில்லிக் குரங்குகள் தரும் படிப்பினை

யமுனையாற்றின் கிழக்குக் கரையிலுள்ள மயூர் விஹாரின் பெயருக்கு மயில்களின் உறைவிடம் என்பது பொருள். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீடுகளும், கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்குமாடிக் கட்டடங்களுமாக எழுந்த இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக வாழ்கின்றன. ஒருபுறம் ஆற்றின் வெள்ளச் சமவெளி, மறுபுறம் சஞ்சய் ஏரிப் பூங்கா, இடையே நெருங்கிய குடியிருப்புகள் என்பதே இதன் அமைப்பு. இத்தகைய குடியிருப்பு ஒன்றில் ஐம்பது குரங்குகள் கொண்ட கூட்டம் நிலைபெற்றுவிட்டதாகக் கொள்வோம். குழந்தை ஒன்று கடிபடுகிறது. மொட்டை மாடியிலுள்ள நீர்த்தொட்டிகள் உடைகின்றன. குரங்குகளைப் பிடித்துக் காட்டில் விடுமாறு குடியிருப்போர் சங்கம் மாநகராட்சிக்கு மனு அளிக்கிறது.

இக்கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் மனுவை ஆராயும் அலுவலர், குரங்குகளைக் கொண்டு செல்லக் கூண்டும் வண்டியும் உள்ளனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. இடம்பெயர்ப்பதால் தொல்லை தீருமா, அல்லது இடம் மட்டும் மாறுமா என்பதே அவர் விடை காண வேண்டிய முதன்மையான வினாவாகும். இவ்வினாவுக்குத் தில்லி மாநகரின் அனுபவமே விரிவான சான்றுகளை அளிக்கின்றது.

குரங்குகள் பெருகிய விதம்

தில்லியில் காணப்படுபவை செம்முகம் கொண்ட ரீசஸ் குரங்குகள். தென்னகத்தின் நாட்டுக் குரங்கினத்தினின்றும் வேறானவை. மனிதக் குருதியின் ஆர்.எச். பிரிவுக்கு இவ்வினத்தின் பெயரே அடிப்படையாயிற்று. மருத்துவ ஆராய்ச்சிக்கென இவை இந்தியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தன. 1978இல் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. காடுகள் குறைந்ததும் நகரம் விரிந்ததும் விலங்குகளையும் மக்களையும் நெருங்கி வாழச் செய்தன.

குரங்கு நகரத்தில் தங்குவதற்கு உணவே முதற் காரணம். அனுமனின் வடிவமாகக் கருதிச் செவ்வாய், சனிக்கிழமைகளில் வாழைப்பழமும் கடலையும் இடுவோர் தில்லியில் பலர். மூடாத குப்பைத் தொட்டிகளும் அதே பணியைச் செய்கின்றன. காட்டில் நாள் முழுதும் தேடிப் பெறவேண்டிய உணவு நகரத்தில் சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. நல்லுணவு பெறும் பெண் குரங்கு மூன்று, நான்கு வயதிலேயே குட்டி ஈனத் தொடங்குகிறது. கருக்காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதமே. ஆகவே, பெருக்கத்தின் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் மனிதன் அளிக்கும் உணவே எனலாம்.

2007ஆம் ஆண்டின் ஆணை

புதிய நண்பர்கள் காலனி எனப் பொருள்படும் நியூ பிரெண்ட்ஸ் காலனியின் குடியிருப்போர் சங்கம் தொடர்ந்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2007 மார்ச்சில் விரிவானதோர் ஆணை பிறப்பித்தது. நகரத்துக் குரங்குகளைப் பிடித்து, தென் தில்லியின் அசோலா-பட்டி வனவிலங்குச் சரணாலயத்தில் விடவேண்டும். பிடிக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது. சரணாலயத்தில் உணவளிக்கும் பொறுப்பு வனத்துறையுடையது என்பன அதன் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் துணை மேயர் எஸ்.எஸ். பாஜ்வா, தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்ட முயன்றபோது கீழே விழுந்து உயிரிழந்தார். பிரச்சினையின் கடுமையை நாடு முழுவதும் உணர்ந்தது.

ஆணைக்குப் பின்வந்த ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் அசோலா-பட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டன. அச்சரணாலயத்தின் பரப்பு 32.71 சதுர கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி முன்னர்ச் சுரங்கங்களாக இருந்த நிலம். பழமரங்கள் அடர்ந்த காடன்று அது. எனவே வெளியிலிருந்து காய்கனிகளை வாங்கி அன்றாடம் இடவேண்டியதாயிற்று. குரங்குகள் வெளியேறாதிருக்க எழுப்பிய தடுப்புகளும் முழுப் பயன் தரவில்லை. சரணாலயத்தை ஒட்டிய குடியிருப்புகளில் தொல்லை மிகுந்தது. அதே வேளையில் நகரின் பிற பகுதிகளிலிருந்து புகார்கள் வருவதும் நிற்கவில்லை.

தற்காலிகத் தீர்வுகளும் முயலப்பட்டன. ரீசஸ் குரங்குகளை அச்சுறுத்த லங்கூர் எனப்படும் கருமுகக் குரங்குகள் பயன்படுத்தப்பட்டன. அவை சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்குகள் என்பதைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் சுட்டிக்காட்டியபின் அம்முறை கைவிடப்பட்டது. லங்கூரைப் போல ஒலி எழுப்பப் பயிற்சி பெற்ற நாற்பது பேர் அமர்த்தப்பட்டுள்ளதாக 2014இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜி-20 மாநாட்டின்போது லங்கூர் உருவப் பலகைகள் நிறுத்தப்பட்டன. இவை ஒரு வீதியைச் சில நாட்கள் காக்கலாம். குரங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கமாட்டா.

பொருளியல் நோக்கு

எளிய கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். ஒரு வட்டாரத்தில் ஆயிரம் குரங்குகள் இருப்பதாகவும், அவை ஆண்டுக்குப் பத்து சதவிகிதம் பெருகுவதாகவும் கொள்வோம். அவ்வெண்ணிக்கை கூடாமலிருக்கவே ஆண்டுதோறும் நூறு குரங்குகளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐம்பது மட்டும் பிடித்தால் பெருக்கம் தொடரும். இருநூறு பிடித்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் உணவின் அளவு குறையாததால், எஞ்சியவற்றின் பங்கு பெருகி, குட்டிகள் பிழைக்கும் வாய்ப்பும் உயரும். காலியான இடத்திற்கு அண்டைக் கூட்டங்களும் வரும். ஆகவே, உணவைக் குறைக்காமல் விலங்கை மட்டும் அகற்றுவது முடிவில்லாத செலவினமாகும்.

செலவைத் தாங்குபவர் எவர் என்பதும் ஆராயத்தக்கது. மயூர் விஹார் போன்ற இடங்களில் வசதியுள்ளோர் முகப்பு மாடங்களுக்கு இரும்புக் கம்பிவலை அமைத்துக்கொள்கின்றனர். குரங்குகள் அதனால் மறைந்துவிடுவதில்லை; வலை அமைக்க இயலாத வீடுகளையும் குடிசைகளையும் நாடுகின்றன. உணவிடுபவர் அடையும் மனநிறைவு அவருடையது. கடிபடும் துன்பம் வேறொருவருடையது. ஒருவர் செயலின் பாதிப்பை மற்றவர் ஏற்க நேரும் இந்நிலை, பொருளியலார் புறவிளைவு எனக் கூறுவதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நகரத்தார் சரணாலயத்துக்கு மாற்றக் கோருவதும் பெரிய அளவிலான புறவிளைவே. மனு அளித்தவர்களின் குரல் மன்றத்தில் கேட்கிறது. விலங்குகள் கொண்டுசெல்லப்படும் இடத்தின் மக்கள் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

கூலிமுறையிலும் கவனம் தேவை. பிடிக்கப்பட்ட குரங்கின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் தரப்படின், எளிதில் அகப்படும் குட்டிகளும் பெண் குரங்குகளுமே முதலில் கூண்டுக்குள் செல்லும். மனிதரைத் தாக்கும் முரட்டு விலங்கு வெளியே நிற்கும். எண்ணிக்கை உயரும், தொல்லை குறையாது. பணிக்கு அளவுகோல், பிடிபட்ட விலங்குகளின் தொகையன்று. கடிபட்டோரின் தொகை எவ்வளவு குறைந்தது என்பதே.

பிற இடங்களின் அனுபவம்

இடம்பெயர்த்தல் எல்லா நிலையிலும் தோல்வியே எனக் கொள்ளலாகாது. 1997இல் பிருந்தாவனத்திலிருந்து 600 ரீசஸ் குரங்குகள் வனப்பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. தனித்தனி விலங்குகளாகச் சிதைக்காமல் கூட்டமாகவே அவை பிடிக்கப்பட்டன. இடங்களும் முன்கூட்டியே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டன. பின்னர் ஆய்ந்தபோது அக்குரங்குகள் புதிய இடத்தில் நிலைபெற்றிருந்தன. கென்யாவில் 1984இல் பபூன் கூட்டங்கள் மூன்று இவ்வாறே மாற்றப்பட்டு நிலைத்தன. ஆயினும், பிருந்தாவனத்தில் இன்றும் குரங்குத் தொல்லை உள்ளது. மாற்றப்பட்ட விலங்குகள் நலமாக வாழ்வது ஒன்று. அவை விட்டுச்சென்ற நகரம் தொல்லை நீங்குவது வேறொன்று.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதி எச்சரிக்கை தருகிறது. அங்கு 2001 முதல் 2003 வரை சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு வேறு காடுகளில் விடப்பட்டன. அதன்பின் மனிதர்மீதான தாக்குதல்கள் ஆண்டுக்குச் சராசரி 4 என்ற நிலையிலிருந்து 17 ஆக உயர்ந்தன என ஆய்வு காட்டிற்று. தமிழகத்தார் நன்கறிந்த அரிக்கொம்பன் யானையின் நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அவ்யானை, மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூனில் தமிழக வனத்துறையினரால் பிடிக்கப்பட்டுக் களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஒரு மாநிலத்தின் தீர்வு மற்றொரு மாநிலத்தின் பிரச்சினையாக மாறுவதை இது காட்டுகிறது.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வழியை மேற்கொண்ட இடங்களும் உண்டு. இமாசலப் பிரதேசம் 2006-07 முதல் கருத்தடை மையங்களை நடத்தி, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்கு அறுவை செய்தது. 2004இல் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த எண்ணிக்கை 2015 கணக்கெடுப்பில் இரண்டு இலட்சத்தளவாகக் குறைந்தது. ஹாங்காங் 1999இல் குறிப்பிட்ட பூங்காக்களில் உணவிடுவதைத் தடை செய்து, 2007 முதல் கருத்தடையையும் இணைத்துக்கொண்டது. தில்லியிலும் கருத்தடைத் திட்டம் வகுக்கப்பட்டது. பணியை ஏற்க முன்வருவோர் போதாமையால் அது செயலுருப் பெறவில்லை.

பொறுப்பு எவருடையது?

1976இல் நிறைவேறிய 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்பையும் பொதுப்பட்டியலுக்குக் கொணர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் ரீசஸ் குரங்கு நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இவ்வினம் அட்டவணையினின்றும் நீங்கியது. எனவே, சட்டத்தின் பொருளில் அது இப்போது வனவிலங்கு அன்று. நகரத்தில் அதனைக் கையாளும் பொறுப்பு பெரிதும் உள்ளாட்சி அமைப்புகளைச் சாரும். எனினும் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 தொடர்ந்து பொருந்தும். பாதுகாப்பு நீங்கியதென்பது துன்புறுத்த உரிமை கிடைத்ததென ஆகாது.

அலுவலர் ஆராய வேண்டிய ஆறு வினாக்கள்

மயூர் விஹார் மனுவின்மீது முடிவெடுக்கும் அலுவலர் கீழ்க்கண்ட வரிசையில் ஆராய்வது பயன் தரும்.

1. தீங்கின் அளவு என்ன? கடிபட்டோர் எத்தனை பேர், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பன மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து திரட்டப்பட வேண்டும். குரங்கைக் கண்டு அஞ்சுவதும் கடிபடுவதும் ஒன்றல்ல.

2. தீங்கு செய்வது முழுக் கூட்டமா, ஓரிரு விலங்குகளா? ஓரிரு விலங்குகளே எனின் முழுக் கூட்டத்தையும் அகற்றவேண்டுவதில்லை.

3. அவற்றை ஈர்ப்பது எது? உணவிடும் இடங்களும் குப்பை சேரும் இடங்களும் குறிக்கப்பட வேண்டும்.

4. கொண்டுசெல்லும் இடம் தாங்குமா? உணவு, நீர், ஏற்கெனவே அங்குள்ள விலங்குகள், அண்டை மக்களின் இசைவு ஆகிய நான்கும் உறுதிப்பட வேண்டும்.

5. காலியாகும் இடத்தை எது நிரப்பும்? மூன்றாவது வினாவுக்கு நடவடிக்கை எடுக்காவிடின், வேறொரு கூட்டமே நிரப்பும்.

6. பிடித்தல், கொண்டுசெல்லல், ஆண்டுதோறும் உணவளித்தல், கண்காணித்தல் ஆகிய முழுச் செலவையும், அதே தொகையில் மூடிய குப்பைத் தொட்டிகளும் கருத்தடையும் தரும் பயனையும் ஒப்பிட்டால் எது மேல்?

முதல் வினாவுக்குத் தீங்கு கடுமையானது என்றும், நான்காவதற்கு இடம் தாங்கும் என்றும், ஐந்தாவதற்கு உணவு குறைக்கப்பட்டுவிட்டது என்றும் விடை வரின், இடம்பெயர்த்தல் ஏற்கத்தக்கதே. அப்போதும் கூட்டத்தைப் பிரிக்காமல் ஒன்றாகக் கொண்டுசெல்ல வேண்டும். இம்மூன்றில் ஒன்றேனும் நிறைவேறாவிடின், செலவு செய்தும் பயன் கிட்டாது.

உடனே செய்யத்தக்கவை

ஆராய்ச்சி முடியும்வரை கடிபடும் குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல இயலாது. அருகிலுள்ள மருந்தகங்களில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி எந்நாளும் கிடைக்கச் செய்தல், தாக்கும் விலங்கை அடையாளங்கண்டு தனியே பிடித்தல், குப்பையைக் காலைக்குள் அகற்றுதல், நீர்த்தொட்டிகளுக்கு உறுதியான மூடி அமைத்தல் ஆகியவை சில வாரங்களிலேயே முடியக்கூடியவை. உணவிடுவோரைத் தண்டத்தால் மட்டும் திருத்த இயலாது. குடியிருப்புகளுக்குள் இடும் உணவு விலங்கையும் மனிதனையும் பகைவராக்குகிறது என்பதைக் கோயில் நிர்வாகங்கள் வாயிலாகவும் பள்ளிகள் வாயிலாகவும் உணர்த்துவது நிலையான பயன் தரும். தில்லி உயர்நீதிமன்றமும் 2024இல், உணவளிப்பது விலங்குகளுக்கு நன்மையன்று என்னும் கருத்தை வலியுறுத்தி, மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துமாறு உள்ளாட்சி அமைப்புகளைப் பணித்தது.

முடிவுரை

இடம்பெயர்த்தல் ஒரு கருவி, அதுவே கொள்கையாகிவிடலாகாது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குரங்குகளைச் சுமந்து சென்ற பின்னரும் தில்லி அதே வினாவைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம், விலங்குகள் அகற்றப்பட்டனவேயன்றி அவற்றை அழைத்த காரணங்கள் அகற்றப்படவில்லை என்பதே. குப்பை மேலாண்மை, பொதுச் சுகாதாரம், வனம், கால்நடை மருத்துவம் ஆகிய துறைகள் தனித்தனியே இயங்கும்வரை ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செய்ததாகவே கணக்குக் காட்டும். மயூர் விஹாரின் மனு மட்டும் ஆண்டுதோறும் திரும்பி வரும். ஒரே வட்டாரத்திற்கு ஒரே பொறுப்பலுவலரை நியமித்து, கடிபட்டோரின் எண்ணிக்கையைக் கொண்டே அவர் பணியை மதிப்பிடுவதே நிலையான தீர்வின் முதற்படியாக அமையும்.