குளத்துக்காகத் தன் கட்சியை எதிர்த்தவர்

உவர் ஏறிய வயலின் வேதனை வாவிக்கரை விவசாயிகளுக்குத் தெரியும். இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், மகுவா கடலோரக் கிராமங்களிலும் இதே தொல்லைதான். அங்கு அரசாங்கமே அணைகட்டி மழைநீரைத் தேக்கியது. கிணறுகளில் உவர் குறைந்தது. பின்னர் அதே அரசாங்கம் அந்த நீர்நிலையின் ஒரு பகுதியை நிர்மா கம்பனியின் சீமெந்து ஆலைக்கு வழங்கியது!

அத்தொகுதியின் அப்போதைய சட்டசபை உறுப்பினர், வைத்தியர் கனுபாய் கல்சாரியா. அப்போது ஆளும் பாரதீய ஜனதாக் கட்சிக்காரராகத்தான் இருந்தார். ஆயினும் விவசாயிகள் பக்கம் நின்றார். 2011 மார்ச்சில் அவர்களோடு தலைநகர் காந்திநகருக்கு நடந்தே போனார். அவ்வாண்டு டிசம்பரில் மத்திய சுற்றாடல் அமைச்சு ஆலைக்கான அனுமதியை ரத்துச் செய்தது. கம்பனி வழக்காடியது. 2012 தேர்தலில் கல்சாரியா தோற்றார். பின்னர் சுண்ணாம்புக்கல் அகழ்வுக்கு எதிராகவும் விவசாயிகளோடு நின்றார்.

அந்த விவசாயிகள் ஊரிலேயே இருந்ததால் குளத்தின் எல்லையைக் கண்ணால் காவல் காத்தார்கள். நாம் இடம்பெயர்ந்தபோது நம் ஊர்க்குளத்தின் எல்லை எதுவரை இருந்தது? குழுவில் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.