குடியிருப்போரின் திருப்தியை அளப்பது எப்படி?

"சேவை திருப்தியா?" என்ற படிவத்தில் எங்கள் வாடகை அடுக்குமாடியில் எல்லாரும் 'ஆம்' என்றே எழுதுகிறோம், மின்தூக்கியோ பழுதாகவே கிடக்கிறது. சரியாக அளக்க வழி உண்டா? – வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

உண்டு. இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடியிருப்போர் திருப்தி அளவீடுகள் 22-இல், 12 அளவீடுகள் மக்களின் கருத்தைக் கேட்டும், எஞ்சிய 10 பழுதுபார்ப்பு, புகார், பாதுகாப்புச் சோதனை பற்றிய நிர்வாகப் பதிவுகளைக் கொண்டும் கணிக்கப்படுகின்றன. மாதம் 124 ரிங்கிட் வாடகையில் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு, அதாவது குறைந்த வருமானத்தினருக்கான அரசு வீடு, கிடைத்த நன்றியும் அதை இழக்கும் அச்சமும் பதிலை 'ஆம்' பக்கம் சாய்க்கக்கூடும் என்பதால், இந்த இரட்டை அளவு பினாங்குக்கும் மிகத் தேவை. குடியிருப்போர் சங்கம் மின்தூக்கி நின்ற நாள், புகார் தந்த நாள், சரிசெய்யப்பட்ட நாள் ஆகிய மூன்றையும் கட்டடவாரியாகக் குறித்துவந்து, பெயர் கேட்காத படிவத்தில் "கடைசியாகக் கேட்ட பழுதுபார்ப்பு எத்தனை நாளில் முடிந்தது?" என்ற வினாவை மலாய், சீனம், தமிழ் மொழிகளில் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கோரி, அதன் நகலைத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம்.