டி டிரைவ் எங்கே போச்சு?

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போட்டோம். டி டிரைவைக் காணோம். ஜாப் ஒர்க் பில் எல்லாம் அதில்தான். போச்சா சார்?

பதில்: விண்டோஸ் பக்கம் போனால் டி தெரிகிறதல்லவா? அப்படியானால் ஒன்றும் போகவில்லை. லினக்ஸில் சி, டி என்ற பெயரே கிடையாது. ஃபைல் மேனேஜரின் இடப்பக்கம் ‘200 ஜிபி வால்யூம்’ என்பதுபோல் ஒன்று இருக்கும்; அதைச் சொடுக்குங்கள், திறக்கும்.

சில சமயம் திறந்தும் ஃபைலைச் சேமிக்க விடாது. அங்கேதான் பலர் மிரண்டு டிஸ்க்கையே ஃபார்மட் செய்கிறார்கள். செய்யாதீர்கள்! ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருப்பதால், அணைத்த பிறகும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிட்டு, ஒருமுறை ஷட் டவுன் செய்தால் போதும்.



லினக்ஸில் பில் அச்சடிக்க பிரின்டர்? ஹெச்பி பெரும்பாலும் செருகினாலே ஓடும். கேனான் எல்பிபி 2900 என்றால் தனி டிரைவர் வேண்டும், கொஞ்சம் மல்லுக்கட்டும். பில் அனுப்பும் நாளில் அதைத் தொடங்காதீர்கள்.