கணக்கின் பெயரை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் பள்ளியின் பாஸ் லினக்ஸ் கணினியில், பழைய மாணவரின் கணக்கை அழிக்காமலே அதன் பெயரை மாற்ற இயலுமா?
– ஆசிரியர் ஒருவர், பென்னாகரம்

பதில்: தாராளமாக இயலும். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய அம்முறைமையில், அந்தக் கணக்கிலிருந்து முற்றிலும் வெளியேறி, நிர்வாகி அதிகாரமுள்ள வேறொரு கணக்கில் டெர்மினலைத் திறந்து, 'சூடோ யூசர்மாட்' என்ற கட்டளையின் பின் கோடிட்ட சிறிய 'எல்', புதிய பெயர், பழைய பெயர் என்ற கிரமத்தில் தட்டச்சு செய்தால் பெயர் மாறும். ஆயினும் கோப்புகள் உறையும் ஹோம் கோப்புறை பழைய பெயரிலேயே நிற்குமாதலால், 'டி', 'எம்' குறிகளைக் கொண்டு அதனையும் இடம் மாற்றுதல் அவசியம். கடவுச்சொல் மாறாது. இதே யூசர்மாட் கட்டளையால் கணக்கைப் புதிய குழுவில் சேர்க்கையில், பெரிய 'ஜி'யுடன் சிறிய 'ஏ'வைச் சேர்க்காமல் விடுவதுதான் மகா விபரீதம்: சூடோ உள்ளிட்ட ஏனைய துணைக் குழுக்கள் யாவற்றினின்றும் அக்கணக்கு நீங்கிவிடும். எதற்கும் முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள்.