கண்ணை மூடிக்கொண்டு ஏசியைப் போட்டுப் பார்

அன்பின் மகளுக்கு,

லைசன்ஸ் கிடைத்த நாளிலிருந்து கார் எடுக்கச் சொல்லி வாப்பாவை நச்சரிக்கிறாயாம், உம்மா சொன்னா. "பெரிய ஸ்கிரீன் உள்ளதாப் பாருங்க மாமா" என்று நீ அனுப்பிய வொய்ஸும் கேட்டேன். கார் என்றால் எனக்குக் கிறுக்கு என்பது ஊரறிந்த விஷயம். பதில் நீளும், பொறுத்துக்கொள்.

நம்மூருக்குத் தொடுதிரை புதிதல்ல. கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை என்று எங்கே பார்த்தாலும் ஓடுவது ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்கள்தானே. விட்ஸ், அக்ஸியோ, அக்வா, வெசல் என்று வந்தவற்றில் பல நடுவில் திரையோடுதான் இறங்கின. எழுத்தெல்லாம் ஜப்பானியம். வரைபடத்தைத் திறந்தால் ஜப்பானைத் தவிர வேறு நாடு கிடையாது. ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் ஏதோ சொல்லுவாள். அந்நாட்டு அதிவேகப் பாதைக்குக் கட்டணம் கழிக்கிற அட்டையைச் செருகவில்லையாம். கல்முனைக்கு வந்த பிறகும் விடாமல் நினைவூட்டிக்கொண்டிருப்பாள், பாவம். றேடியோவும் சரியாக எடுக்காது. அந்தக் கார்களின் எப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும், இங்கே 87.5இலிருந்து 108 வரை. ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் பூட்டினால்தான் நம்ம அலைவரிசைகள் விழும்.

ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாமல் அந்தக் கார்களை நாம் வருடக்கணக்காக ஓட்டினோம். யாரும் திணறவில்லை. ஏசி, வைப்பர், லைட், ஹசார்ட் எதுவும் அந்தத் திரைக்குள் இல்லை. குமிழாகவும் பட்டனாகவும் தண்டாகவும் கைக்குத் தட்டுப்பட்டன. திரை செத்தாலும் கார் சாகாது. நல்ல காருக்கு நான் வைக்கும் இலக்கணமே அதுதான்: சில்லு உருளும்போது தேவைப்படுவதைக் கை தேடிப் பிடிக்க வேண்டும், கண் தேடக்கூடாது.

வெசலில் மட்டும் ஹொண்டா கொஞ்சம் வழி தவறியது. 2013 கடைசியில் ஜப்பானில் வந்த அந்த முதல் வெசலின் ஏசிப் பலகை பளபளவென்ற கறுப்புக் கண்ணாடி. விரல் எங்கே நிற்கிறது என்று தெரியாது, பார்த்துத்தான் தொட வேண்டும். ஹொண்டாவே அதை விட்டுவிட்டது. 2021இல் வந்த அடுத்த வெசலில் திருகுகிற குமிழ்கள் மறுபடி வந்தன. கார் சேலில் இரண்டும் பக்கத்தில் நின்றால் ஏறி உட்கார்ந்து பார், விரலுக்கே விளங்கும்.

நம்ம நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். இடையில் கார் உலகமே மாறிவிட்டது. அதற்கு முன்பே, 2012இல், டெஸ்லா மொடல் எஸ்ஸில் 17 அங்குலத் திரையை நட்டிருந்தது. மற்றவர்களும் பின்னால் போனார்கள். நீ கேட்கிற பிவைடியில் திரை சுழலவும் செய்யும். இது வெறும் ஸ்டைல் என்று நினைத்துவிடாதே, கம்பனிக்கு நல்ல கணக்கு. ஒவ்வொரு பட்டனுக்கும் அச்சு, வயர், பூட்டுகிற ஆள் எல்லாம் செலவு. ஒரு திரை போட்டால் அந்தச் செலவெல்லாம் போச்சு. நடுவில் இருப்பதால் இடப்பக்க ஸ்டியரிங் நாட்டுக்கும் வலப்பக்க ஸ்டியரிங் நாட்டுக்கும் பொருந்தும், விற்ற பிறகும் மென்பொருளை மாற்றலாம். ஷோரூமில் பார்க்கவும் ஜோர்.

ஓட்டும்போது என்ன ஆகும் என்பதைச் சுவீடனின் 'வி பீலேகரே' சஞ்சிகை 2022இல் அளந்தது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நாலு வேலை செய்யச் சொன்னார்கள். ஏசி சூட்டைக் கூட்டுவது, றேடியோ நிலையத்தை மாற்றுவது மாதிரிச் சின்னச் சின்ன வேலைகள். கார்களைப் பழகிக்கொள்ள முதலே நேரமும் கொடுத்தார்கள். பட்டன் நிறைந்த 2005 வொல்வோ வி70இல் எல்லாம் 10 செக்கனில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீற்றர் போயிருந்தது. ஆகப் பின்தங்கிய எம்ஜி மார்வெல் ஆரில் ஏறத்தாழ 45 செக்கன், 1372 மீற்றர்.

நம் வீதியில் 110 ஓட முடியாதுதான். 60இல் போ. இரண்டு செக்கன் கண்ணை எடுத்தால் 33 மீற்றர் பார்க்காமல் போய்விட்டாய். நிந்தவூர் தாண்டி வயல் பக்கம் இரவில் போகும்போது அந்த 33 மீற்றருக்குள் மாடு படுத்திருக்கும், பின்லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் ட்ராக்டர் நெல் ஏற்றிப் போகும்.

மழைக்காலத்தில் இன்னொன்று, இதை நன்றாக விளங்கிக்கொள். முன்கண்ணாடியில் பனி படிவது இரண்டு விதம். மழையில் நனைந்த ஆட்கள் ஏறினால் உள்பக்கம் படியும். ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பு. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். மழை விட்ட புழுக்கமான இரவில் ஏசியைக் கடுங்குளிராக வைத்து ஓடினால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் படியும். அப்போது குளிர்காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் இன்னும் மோசமாகும். குளிரைக் குறைத்துக் காற்றை வேறு பக்கம் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் வைப்பரை ஒரு தடவை அடித்துப் பார், துடைபட்டால் வெளியே. இத்தனையையும் வீதி தெரியாமல் போகிற அந்தச் சில செக்கனில் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மெனுவைத் திறந்து அதற்குள் இன்னொரு மெனுவைத் தேடச் சொல்கிறவன் மழையில் கார் ஓட்டாதவனாகத்தான் இருப்பான்.

ஜேர்மனியில் நடந்தது. 2019இல் அடைமழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டார், கார் வீதியை விட்டு விலகி மோதியது. ஓட்டும்போது கைபேசியை நோண்டுவதைத் தடுக்கிற சட்டம் இதற்கும் பொருந்தும் என்று 200 யூரோ தண்டமும் ஒரு மாத ஓட்டத்தடையும் விதித்தார்கள். கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் 2020இல் அதை உறுதிப்படுத்தியது. திரைக்குள் வைப்பரை வைத்த கம்பனிக்குத் தண்டம் இல்லை, தொட்டவருக்குத்தான். எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஐரோப்பாவில் கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப், 2026இலிருந்து சிக்னல், ஹசார்ட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஐந்துக்கும் தொட்டறியக்கூடிய தனிப் பட்டனோ தண்டோ இருந்தால்தான் முழுப் புள்ளி என்கிறது. சட்டமில்லை, ஆனால் ஐந்து நட்சத்திரம் கிடைக்காவிட்டால் வியாபாரம் குறையும் என்று கம்பனிகளுக்குத் தெரியும். ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. நம்மைப் போல வெக்கையில் கிடப்பவர்கள் எழுதியிருந்தால் சேர்த்திருப்பார்கள்.

திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிவர்ஸ் கெமரா பெரிய உபகாரம். நம்ம ஒழுங்கைகளில் பின்னால் எந்தப் பிள்ளை சைக்கிளோடு நிற்கும் என்று தெரியாது. போன் வரைபடமும் பெரிதாகத் தெரியட்டும். நின்று செய்கிற வேலையெல்லாம் அதற்குள் இருக்கட்டும்.

வாப்பாவோடு பார்க்கப் போகும்போது சாரதி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போடு. ஐந்து நிமிடம் பழகு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏசிக் காற்றைக் கூட்டு, முன்கண்ணாடிக்குத் திருப்பு, வைப்பர் வேகத்தை மாற்று, ஹசார்ட் போடு, பாட்டைக் குறை. விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டுக்கு மேல் முடியாவிட்டால் இறங்கிவிடு, விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

வாப்பா கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. பழைய அக்வாவில் திரை பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பொந்துக்குள் அன்ட்ரொயிட் செட் ஒன்றைப் பூட்டினோம், ஏசிக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கார்கள் பலவற்றில் திரைக்குள்தான் ஏசியும் இருக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் திரை போனால் என்ன விலை, எத்தனை நாளில் வரும், அதுவரை ஏசி வேலை செய்யுமா? இந்த மூன்றுக்கும் பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்கச் சொல்.

வஸ்ஸலாம்,
மாமா