மின்னஞ்சல் முகவரியும் ஓர் அமானிதமே



சென்ற கல்வியாண்டில் நம் அறக்கட்டளையின் உதவித்தொகைக்குத் தேர்வான ஒரு மாணவிக்கு, கல்லூரிக் கட்டண ரசீதைப் பத்து நாட்களுக்குள் அனுப்பும்படி மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வரவில்லை. வேறு இடத்தில் உதவி கிடைத்திருக்கும் போலும் என்று எண்ணி, அந்தத் தொகையை அடுத்த பெயருக்கு ஒதுக்கவிருந்தோம். ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அவருடைய தந்தை எங்களிடம் வந்து, "எங்க புள்ளைக்கு இந்த வருஷம் இல்லையாங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டியதும் கணினி காட்டிய முகவரியை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது அதே பெயருடைய வேறொரு பெண்ணின் முகவரி.

அல்ஹம்துலில்லாஹ், தொகை கைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு வீட்டின் தேவை இன்னொரு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தவறு முழுக்க எங்களுடையது. அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். பிறகு உட்கார்ந்து முகவரிப் பட்டியல் முழுவதையும் சரிபார்த்தோம். அப்போது கற்றுக்கொண்டவை ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

1. தானாக வரும் முகவரி எங்கிருந்து வருகிறது?

நாம் சேமித்து வைத்த முகவரிகள் மட்டுமே வரும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஜிமெயிலில் புதிதாக ஒருவருக்கு மடல் அனுப்பினாலே அவருடைய முகவரி ‘பிற தொடர்புகள்’ பகுதியில் தானாகச் சேர்ந்துவிடும். தவறாகத் தட்டிய முகவரியும் அப்படியே சேரும். அடுத்த முறை அதுவே முன்னால் வந்து நிற்கும். கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தில் அந்தப் பகுதியைத் திறந்து வேண்டாதவற்றை நீக்குங்கள். ஜிமெயில் அமைப்புகளில் ‘தொடர்புகளை நானே சேர்த்துக்கொள்கிறேன்’ என்ற தேர்வும் உண்டு. கணினியில் நிறுவிய அவுட்லுக்கில் இந்த நினைவுப் பட்டியல் முகவரிப் புத்தகத்திலிருந்து வேறானது. புத்தகத்தில் திருத்திய பிறகும் பழைய முகவரி எட்டிப் பார்த்தால், அதன் அருகிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்க வேண்டும்.

2. ஒரே பெயரில் பலர்

நம் ஊரில் முஹம்மதும் ஃபாத்திமாவும் இல்லாத தெரு ஏது? அதிலும் ஆங்கிலத்தில் முஹம்மது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். ஆகவே பெயரை மட்டும் சேமிக்காமல் தந்தை பெயரின் முதலெழுத்து, தெரு இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால், கூகுள் காண்டாக்ட்ஸில் அவற்றை ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் கணினி ‘ஒன்றாக்கலாமா?’ என்று கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். அண்ணனும் தம்பியும் வாப்பாவின் எண்ணையே கொடுத்திருக்கலாம்.

3. திரும்பி வராத மடல் சேர்ந்துவிட்டதாகப் பொருளா?

இல்லை. அப்படி ஒரு முகவரியே இல்லையென்றால்தான் பெரும்பாலும் ‘சேரவில்லை’ என்று அறிவிப்பு வரும். அந்த முகவரி வேறொருவருடையதாக இருந்தால் மடல் சத்தமின்றி அவரிடம் போய்விடும். எங்களுக்கு நடந்தது இதுதான். ஜிமெயில் டாட் காம் முகவரியில் பெயருக்கு நடுவிலுள்ள புள்ளி விடுபட்டாலும் மடல் சேரும். ஆனால் ஓர் எழுத்தோ எண்ணோ மாறினால் அது வேறு முகவரி. எனவே முக்கியமான மடலை அனுப்பியதும் ஒரு ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.

4. புது ஃபோனில் முகவரிகள் காணவில்லை

பழைய ஃபோனிலோ சிம் கார்டிலோ மட்டும் சேமித்தவை ஜிமெயிலில் தெரியாது. ஃபோன் தொலைந்தால் அவையும் தொலைந்துவிடும். புதிய பதிவுகள் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும்படி ஃபோனில் தேர்ந்தெடுத்து, ஒத்திசைவு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கைதவறி அழித்ததை கூகுள் காண்டாக்ட்ஸின் குப்பைத் தொட்டியிலிருந்து 30 நாட்களுக்குள் மீட்கலாம்.

5. நகல் எடுத்து வையுங்கள்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் ஒழுங்கைத் திருக்குர்ஆன் (2:282) நமக்குக் கற்றுத் தருகிறது. முகவரிகளுக்கும் அந்த ஒழுங்கு நல்லது. ‘ஏற்றுமதி’ என்ற வசதியால் முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக எடுக்கலாம். சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பெயர்கள் கெட்டுப்போகவில்லை. அப்படியே சேமித்துவிடாமல் மூடிவிட்டு, எக்செலின் ‘டேட்டா’ பகுதி வழியாக அதைத் திறந்து யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வரும்.

6. பலருக்கு ஒரே மடல்

ஸதகாவை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை நாம் அறிவோம். உதவி பெறும் 20 பேரின் முகவரிகளை ‘பெறுநர்’ கட்டத்திலோ சி.சி.யிலோ போட்டால், 20 பேருக்கும் மற்றவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். பி.சி.சி. கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. இனி எங்கள் சுற்றறிக்கைகள் அனைத்தும் அப்படியே வரும், இன்ஷா அல்லாஹ்.

7. அது யாருடைய முகவரி?

பட்டியலைச் சரிபார்த்தபோது இன்னொன்றையும் கண்டோம். சில விண்ணப்பங்களில் இருந்தது படிவத்தைப் பூர்த்தி செய்துகொடுத்த கணினி மையத்தின் முகவரி. வேறு சிலவற்றில் வெளிநாட்டிலிருக்கும் மாமாவின் முகவரி. இன்னும் சிலருக்குத் தங்கள் முகவரியின் கடவுச்சொல்லே தெரியவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கும் கடவுச்சீட்டுக்கும் இதே முகவரியைத்தான் கொடுக்கிறோம். பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு முகவரி இருக்கட்டும். கடவுச்சொல்லைக் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். மீட்பு எண்ணாக இப்போது பயன்பாட்டிலுள்ள உங்கள் எண்ணையே கொடுங்கள்.

நம்மை நம்பி ஒருவர் தரும் முகவரி அவர் நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம். அதை நாங்கள் கவனமாகக் காப்போம்; நீங்களும் முகவரியோ எண்ணோ மாறினால் அலுவலகத்தில் தெரிவியுங்கள். இந்த ஆண்டு விண்ணப்பித்துள்ளவர்கள் ஒருமுறை நேரில் வந்து தங்கள் முகவரியைப் பார்த்துச் சரிசொல்லிவிட்டால், தகுதியுள்ள ஒரு பிள்ளையும் விடுபடாது. அல்லாஹ் நம் அனைவரின் முயற்சிகளையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.