செய்தியைத் தேடி நாம் போவதா, நம்மைத் தேடிச் செய்தி வருவதா?

(செல்போனில் செய்தியோடைப் படிப்பான் – ஓர் எளிய பாடம்)

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



நம் கையில் உள்ள ஸ்மார்ட்போனில் கிடைக்காத செய்தி இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய செய்தி, வேண்டிய நேரத்தில் கண்ணில் படுகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே பதில்.

எங்கள் துறையில் படிப்பை முடித்த அண்ணன் ஒருவர், ஒரு தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்தார். அறிவிப்பும் வந்தது. பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டும் இருந்தார்கள். ஆனால் அதற்கு மேலே பிறந்த நாள் வாழ்த்து, கிரிக்கெட் சண்டை, மீம்ஸ் என்று நானூறு செய்திகள்! அண்ணன் கீழே போய்ப் பார்த்தபோது கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள். "ஒருத்தனாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா" என்றார். யாரிடமும் பதில் இல்லை. டிப்ளமோ முடித்தவனுக்கு ஓர் அறிவிப்பு தவறினால் போவது ஒரு தேதி மட்டுமல்ல, சில சமயம் ஒரு வருடம்.

இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. பழைய கருவிதான்; காசும் வேண்டாம். அதன் பெயர் ஃபீட் ரீடர். தமிழில் செய்தியோடைப் படிப்பான் என்று சொல்லலாம்.

இது என்ன சமாச்சாரம்?

நம் கல்லூரியில் ஆபீஸ் நோட்டீஸ் போர்டு ஒன்று, துறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று என்று பல போர்டுகள் உண்டு. எல்லாவற்றையும் தினமும் சுற்றிப் பார்க்க யாருக்கு நேரம்? உங்களுக்கு ஒரு நல்ல நண்பன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எல்லாப் போர்டுகளையும் சுற்றி வந்து, நேற்று இல்லாமல் இன்று புதிதாக ஒட்டியதை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுக்கிறான். அந்த நண்பன்தான் ஃபீட் ரீடர். போர்டுகள்தான் இணையதளங்கள்.

"அட, இதைத்தானே ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் செய்யுது?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை நண்பர்களே! அங்கே எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்வது அந்த நிறுவனத்தின் கணக்கு. நீங்கள் அதிக நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஃபீட் ரீடரில் எந்தப் போர்டைப் பார்ப்பது என்பதை முடிவு செய்வது நீங்கள். வந்த தேதி வரிசையில் வரும். படித்து முடித்தால் பட்டியல் காலி. போனைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கொஞ்சம் வரலாறு

இந்த ஓடைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். 1999-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்கள் டான் லிபி, ராமநாதன் குஹா ஆகிய இருவர். இதில் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவர்! மெக்கானிக்கல் துறை நண்பர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

2000-ம் ஆண்டு டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். 1.0 வந்தது. அதை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற பையனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 14. இன்று பரவலாக உள்ள ஆர்.எஸ்.எஸ். 2.0 வடிவம் டேவ் வைனர் என்பவரால் 2002-ல் வெளியிடப்பட்டது. 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்' என்பது அதன் விரிவு. 2005-ல் ஆட்டம் என்ற இன்னொரு வடிவமும் தரமாக அறிவிக்கப்பட்டது. இன்றைய படிப்பான்கள் இரண்டையும் படிக்கும்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் என்ற தளம், உலகெங்கும் தமிழர்கள் எழுதிய வலைப்பதிவுகளை இந்த ஓடைகளின் வழியாகத்தான் ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஓடை என்பது எக்ஸ்.எம்.எல். முறையில் எழுதிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதைப் புரிந்துகொள்ள நம் ஆபீஸ் சுற்றறிக்கை ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும்.

1. சேனல் – அனுப்புநர். எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்ற விவரம்.
2. ஐட்டம் – ஒவ்வொரு சுற்றறிக்கையும் ஓர் ஐட்டம்.
3. டைட்டில் – 'பொருள்' என்று நாம் எழுதுவோமே, அது.
4. டிஸ்கிரிப்ஷன் – உள்ளடக்கம் அல்லது சுருக்கம்.
5. பப்-டேட் – நாள், நேரம்.
6. லிங்க் – முழுச் செய்தி உள்ள பக்கத்தின் முகவரி.
7. ஜி.யு.ஐ.டி. – ந.க. எண்! ஒன்றுக்கு உள்ளது மற்றொன்றுக்கு வராது.

இந்த ஏழாவதுதான் முக்கியம். ஏற்கெனவே பார்த்த எண் என்றால் படிப்பான் அதை விட்டுவிடும். புதிய எண் என்றால் பட்டியலில் சேர்க்கும். ஒரே செய்தி இரண்டு முறை வராமல் இருப்பது இதனால்தான். இதே ஐட்டத்தில் ஒலிக்கோப்பின் முகவரியை இணைத்தால் அது பாட்காஸ்ட். ஆக, பாட்காஸ்ட் கேட்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஆர்.எஸ்.எஸ். பயன்படுத்துகிறார்கள்!

வேலை செய்யும் விதம்

தளம் நம் போனுக்கு எதையும் அனுப்புவதில்லை. நம் செயலிதான் குறிப்பிட்ட இடைவெளியில் போய், "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் இதைப் போலிங் என்பார்கள். மைக்ரோபிராசஸர் பாடத்தில் படித்த அதே போலிங்தான்.

அப்படியானால் டேட்டா காலியாகிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 ஓடைகள், ஒவ்வொன்றும் 50 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு ஒரு முறை கேட்டால்: 40 × 50 × 24 = 48,000 கிலோபைட். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 48 மெகாபைட்.

6 மணிக்கு ஒரு முறை கேட்டால்: 40 × 50 × 4 = 8,000 கிலோபைட். சுமார் 8 மெகாபைட்.

உண்மையில் இவ்வளவும் ஆகாது. சென்ற முறைக்குப் பின் மாற்றமில்லை என்றால், சர்வர் முழுக் கோப்பையும் தராமல் 304 என்ற ஒரு சிறு பதிலை மட்டும் அனுப்ப முடியும். 'மாற்றமில்லை' என்பது அதன் பொருள்.

"அப்போ நாளுக்கு ஒரு தடவை கேட்டால் போதுமே மச்சி" என்று அவசரப்பட வேண்டாம். ஓடையில் கடைசிச் சில ஐட்டங்கள் மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில், மாற்றி அமைக்காதவரை 10 தான். 20 ஐட்டம் வைத்திருக்கும் ஒரு நாளிதழ் ஓடை 6 மணி நேரத்தில் 30 செய்தி போட்டால், முதல் 10 நாம் கேட்பதற்கு முன்பே வெளியே போய்விடும். நமக்கு வேண்டிய அறிவிப்பு அந்தப் பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம்! எனவே நாளிதழ் ஓடைகள் நிறைய இருந்தால் மணிக்கு ஒரு முறை. தொழில்நுட்பத் தளங்கள் மட்டும் என்றால் 6 மணிக்கு ஒரு முறை. இதுவே என் யோசனை.

செய்முறை

நோக்கம்: ஸ்மார்ட்போனில் ஒரு செய்தியோடைப் படிப்பானை நிறுவி, ஓடைகளைச் சேர்த்துப் பயன்படுத்துதல்.

தேவையானவை: ஆண்ட்ராய்டு போன், இணைய இணைப்பு, ஃபீடர் என்ற செயலி. (இது இலவசம், மூலநிரலும் திறந்தது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பட்டியல் போனிலேயே இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் அதேபோல் இலவசம். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பட்டியல் வேண்டும் என்றால் ஃபீட்லி, இனோரீடர் போன்றவை உண்டு. அவற்றில் கணக்குத் தொடங்க வேண்டும். இலவசக் கணக்குக்கு வரம்பும் உண்டு.)

செய்யும் முறை:

1. செயலியைத் திறந்து, ஓடை சேர்க்கும் இடத்துக்குச் சென்று, தளத்தின் முகவரியைக் கொடுத்துத் தேடுக. பெரும்பாலும் தளமுகவரியே போதும். பக்கத்தின் மூலநிரலில் ஓடை இருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். செயலி அதைத் தானே கண்டுபிடிக்கும்.

2. கண்டுபிடிக்கவில்லையா? பக்கத்தின் அடியில் ஒரு புள்ளியும் இரண்டு வளைகோடுகளும் கொண்ட ஆரஞ்சு நிறச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க. வேர்ட்பிரஸ் தளமானால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பார்க்க.

3. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. பாடம் நடத்தும் சேனலின் முகவரியைக் கொடுத்தால் பல படிப்பான்கள் ஏற்றுக்கொள்ளும். புதிய வீடியோவின் தலைப்பு மட்டும் வரும். பக்கத்தில் ஆசை காட்டும் மற்ற வீடியோக்கள் வராது.

4. ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு குறிச்சொல் கொடுக்க. 'வேலை', 'பாடம்', 'நாட்டு நடப்பு', 'பொழுதுபோக்கு' என்று நான்கு போதும்.

5. 'வேலை' பிரிவில் உள்ள ஓடைகளுக்கு மட்டும் அறிவிப்பு மணியைப் போடுக. எல்லாவற்றுக்கும் மணி போட்டால் எதற்கும் மணி இல்லாததற்குச் சமம்.

6. செட்டிங்ஸில் இடைவெளியை அமைக்க. டேட்டா குறைவாக உள்ளவர்கள் வைஃபை இருக்கும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

7. மாதம் ஒரு முறை ஓ.பி.எம்.எல். கோப்பாகப் பட்டியலை ஏற்றுமதி செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைக்க.

இந்த ஏழாவது படியை யாரும் விட்டுவிட வேண்டாம். கூகுள் நிறுவனம் 2005-ல் கூகுள் ரீடர் என்ற படிப்பானைத் தொடங்கியது. உலகம் முழுவதும் அதை நம்பியிருந்தார்கள். 2013 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்து, ஜூலை 1-ம் தேதி மூடிவிட்டது. பட்டியலை எடுத்து வைத்தவர்கள் அதே வாரத்தில் வேறு செயலிக்கு மாறிக்கொண்டார்கள். எந்தச் செயலியும் நிரந்தரமில்லை. பட்டியல் நம் கையில் இருந்தால் கவலையில்லை.

முடிவு: காலை பஸ்ஸில் பத்து நிமிடத்தில் அன்றைய முக்கியச் செய்திகள் பார்க்கப்பட்டன!

கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஓடையில் வந்துவிட்டது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. வதந்தி பரப்பும் தளத்துக்கும் ஓடை உண்டு. "செமஸ்டர் தேர்வு தள்ளிப்போச்சாம்" என்ற செய்தி எங்கிருந்து வந்தாலும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளத்திலோ நம் கல்லூரி ஆபீஸிலோ கேட்டு உறுதி செய்யாமல் புத்தகத்தை மூடாதீர்கள்.

இரண்டாவது, எல்லாத் தளங்களிலும் ஓடை இருக்காது. தேர்வு வாரியத் தளங்கள், சிறு தொழிற்சாலைகளின் தளங்கள் பலவற்றில் இல்லை. அவற்றின் முகவரிகளைப் பிரவுசரில் ஒரே புக்மார்க் ஃபோல்டராகச் சேர்த்து, வாரம் இரண்டு நாள் நேரம் குறித்துப் பார்ப்பதுதான் வழி. நாளிதழ்களின் கல்வி, வேலைவாய்ப்புப் பகுதி ஓடைகள் இந்தக் குறையைப் பாதி நிரப்பும். ஆனால் விண்ணப்பிப்பது எப்போதும் அதிகாரபூர்வமான தளத்தில்தான்.

மூன்றாவது, ஒரு படிப்பானுக்கு இணையமும் அறிவிப்பு அனுமதியும் இருந்தால் போதும். தொடர்பு எண்கள் வேண்டும், கேமரா வேண்டும் என்று கேட்டால் அந்தச் செயலி நமக்கு வேண்டாம்.

நான்காவது, பேராசை! முதல் நாளே நூறு ஓடை சேர்த்து, மறுநாள் ஆயிரம் படிக்காத செய்தியைப் பார்த்து மிரண்டு, செயலியையே நீக்கிவிடுபவர்கள் உண்டு. பத்தில் தொடங்குங்கள். ஒரு மாதமாகத் திறந்தே பார்க்காத ஓடையைத் தயங்காமல் வெட்டுங்கள்.

வைவா கேள்விகள்

கே: படிப்பான் புதிய செய்தியை எப்படி அறிகிறது?
ப: ஜி.யு.ஐ.டி. என்ற தனி எண்ணை ஒப்பிட்டு.

கே: 304 என்றால் என்ன?
ப: சென்ற முறைக்குப் பின் மாற்றமில்லை, கோப்பை மீண்டும் இறக்க வேண்டியதில்லை.

கே: இடைவெளியை மிக அதிகமாக வைத்தால் என்ன நஷ்டம்?
ப: ஓடையிலிருந்து பழைய ஐட்டங்கள் நாம் பார்க்கும் முன்பே நீங்கிவிடும்.

நண்பர்களே, இறுதியாண்டில் இருப்பவர்கள் இன்று இரவே 'வேலை' என்ற ஒரு பிரிவையாவது தொடங்குங்கள். அதில் உங்கள் நண்பனுக்குப் பொருத்தமான அறிவிப்பு கண்ணில் பட்டால், குழுவில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவனுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள். அந்த வேலையைச் செய்ய எந்தச் செயலியும் இன்னும் வரவில்லை!